கடவுளுக்கு விழுந்த அறுபத்தேழு ஓட்டு

எதையும் எண்ணிப் பார்க்கிற வியாதி உள்ளவனுக்கு இந்த உலகத்தில் நிம்மதி கிடையாது. படி ஏறினால் படி, கல்யாணத்துக்குப் போனால் நாற்காலி, ஜெபக்கூட்டத்துக்குப் போனால் கொட்டாவி என்று எல்லாமே எனக்குக் கணக்கில் வந்துவிடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன். கோலசிலாங்கூரில் எங்கள் சின்னச் சபையில் ஞாயிறுதோறும் தலை எண்ணுகிற உத்தியோகமும் என்னுடையதுதான். (சம்பளம் கிடையாது, தின்ன ஒரு கறிபாப் பலகாரம் உண்டு.) அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாற்பத்தாறு பேரை அறுபத்தேழாக எண்ணினேன். அதுவும் கடவுள் விஷயத்தில், என் மனைவி எழுதிய கடவுள் விஷயத்தில்.

என் மனைவி கிருபை, பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நாவல் எழுதினாள். அம்மாமார் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகைதான் கதை நடக்கிற இடம். புதிதாக ஓர் ஆயா வருகிறாள். எந்த ஊர், யார் பெண்டாட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. சாரோங் தொட்டில்களை ஆட்டுகிறாள், மூக்குச் சளி துடைக்கிறாள், வெற்றிலை போடுகிறாள். கடைசியில் பார்த்தால், அவள்தான் கடவுள்.

இது நான் கேள்விப்பட்டது. நான் படிக்கவில்லை. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தபோது, "முதல் பக்கத்துலயே ஏழு கமா கூடுதல்" என்றேன். பிடுங்கிக்கொண்டு போனவள்தான், அச்சாகி வந்த பிறகும் என் கண்ணில் காட்டவில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று சபையில் வெளியிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முன்பே பத்துப் பிரதிகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். புத்தகம் அசாம் ஜாவாவிலிருந்து சபாக் வரைக்கும் கைமாறிப் போனது. திரும்பி வந்தபோது சபை இரண்டாகப் பிளந்திருந்தது.

அசாம் ஜாவா மூப்பர் துரைராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். "கடவுள் பிதா. ஆயா இல்ல. இதுல என்னம்மா சந்தேகம் உனக்கு?"

பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பாட்டுக் கடை சமையலறையில் வேலை பார்க்கும் ரோசம்மா போன் செய்து அழுதாள். "நான் படிச்சேன்க்கா. என் வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். அவரும் அழுதாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

ஒரு கட்சிக்குக் கடவுள் பெண்ணாக இருப்பதில் ஆட்சேபம். இன்னொரு கட்சிக்கு அதில் ஆட்சேபமில்லை, வெற்றிலையில்தான் ஆட்சேபம். மூன்றாவது கட்சி ஒன்று, கடவுள் நம் ஊர்க்காரர் மாதிரி வரிக்கு வரி 'லா' போட்டுப் பேசுகிறார் என்று வருத்தப்பட்டது. ("பைபிள்ல எங்கயாச்சும் லா இருக்கா சார்?" என்று என்னிடமே கேட்டார்கள். எண்ணிப் பார்க்கவில்லை என்றேன்.)

"வேற மண்டபம் எடுத்துக்கலாமே" என்றேன் கிருபையிடம்.

"மண்டபத்துல உள்ளவங்களுக்கா எழுதினேன்? நம்ம சனத்துக்கு எழுதினது. அவங்க வேணாம்னா வேணாம். கட்டிப் பரண் மேல போட்டுடலாம்."

சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள். சமைக்கும்போது பாட்டுப் பாடுவது அவள் வழக்கம். இரண்டு வாரமாக அந்தச் சத்தமே இல்லை.

எங்கள் பாஸ்டர் இளைஞர், சண்டை என்றால் வியர்த்துப்போகிறவர். சபையைக் கூட்டி ஓட்டெடுப்பது என்று முடிவு செய்தார். எண்ணுவதற்கு யார் என்று கேள்வி வந்தபோது, துரைராஜே என் பெயரைச் சொன்னார். "பெண்டாட்டி புத்தகம்தான். ஆனா வாத்தியார் கணக்குல பொய் சொல்லமாட்டாரு." வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் உயர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்று தலை எண்ணினேன். நாற்பத்தாறு. கிருபை உள்ளே வரவில்லை, பின்கட்டில் தேநீர் கலக்கப் போய்விட்டாள்.

யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மனஸ்தாபம் வரும் என்று பாஸ்டர் பயந்தார். அதனால் ஜெபத்தில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எல்லாரும் தலையைத் தாழ்த்தி, கண்களை மூடிக்கொள்ளுங்கள். புத்தகத்தை இங்கே வெளியிடலாம் என்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். சார், கைகளை எண்ணுங்கள்."

கை எண்ணச் சொன்னார், கை எண்ணினேன். முப்பத்தெட்டு. வேண்டாம் என்கிற கைகள் இருபத்தொன்பது. தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவை அறிவித்தேன். புத்தகம் ஒன்பது ஓட்டில் ஜெயித்தது. ரோசம்மா கைதட்டினாள். நானும் என்னை மறந்து இரண்டு தட்டுத் தட்டினேன்.

துரைராஜ் எழுந்தார். "வாத்தியாரே, வாசல்ல எத்தனை தலை?"

"நாற்பத்தாறு."

"முப்பத்தெட்டும் இருபத்தொன்பதும்?"

மூன்றாம் வகுப்புக் கணக்கு. நான் எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன் இந்தக் கணக்குக்கு. "அ... அறுபத்தேழு."

"மிச்சம் இருபத்தொரு பேரு யாரு? தேவதூதர்களா?"

நான் தலையைத் தூக்கி மின்விசிறிகளைப் பார்த்தேன். (நாலு மின்விசிறி, ஒன்று ஓடவில்லை.) "பெண்டாட்டி பாசம்" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றாள் கிருபை. என்னைத்தான் பார்த்தாள். அவள் புத்தகமும் என் நாணயமும் சேர்ந்து கவிழ்ந்துவிட்டதாக நினைத்தேன்.

அப்போது துரைராஜின் மனைவி சாராள் மெதுவாகச் சொன்னார். "நான் ரெண்டு கையையும் தூக்கினேன்."

"ஏன்?" என்றார் துரைராஜ்.

"கண்ணை மூடினா ரெண்டும் தானா மேல போயிடுதுங்க. இருபது வருஷப் பழக்கம்."

எனக்கு உயிர் வந்தது. விசாரித்தால், பெண்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். ஆராதனையில் கை தூக்கியே பழகிய சனம், ஓட்டுக்கு ஒரு கையைக் கீழே வைக்கத் தெரியவில்லை.

"சரி, எந்தப் பக்கத்துக்குத் தூக்கினே?" துரைராஜ் விடவில்லை.

"ரெண்டு தடவையும்தான். பாஸ்டர் தூக்கச் சொன்னாரு, தூக்கினேன்."

சிரிப்பு கிளம்பியது. ஆனால் துரைராஜ் சிரிக்கவில்லை. "தலையை விட்டுட்டுக் கையை எண்ணின வாத்தியாரு இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்காரா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

இல்லை என்று தலையாட்டினேன். கிருபையைப் பார்க்கத் துணிவில்லை. பாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். மறு ஓட்டு உண்டு, அதற்கு முன் ஒரு பகுதியை எல்லாரும் கேட்க வேண்டும், தண்டனையாகச் சாரே வாசிக்க வேண்டும். ரோசம்மா ஓடி வந்து புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள். "இதைப் படிங்க சார். இங்கதான் எங்க வீட்டுக்காரரு அழுதாரு."

வாசித்தேன். சாயங்காலம் ஆயா பிள்ளைகளை எண்ணுகிறாள். பெயர் கொடுத்த பிள்ளைகள் பத்தொன்பது. அவள் எண்ணினால் இருபது வருகிறது. மறுநாளும் இருபது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கோபப்படுகிறான்: "எண்ணத் தெரியாதா உனக்கு? ஒண்ணு கூடுது பாரு." ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்கிறாள்: "கூடினா என்ன லா? யாரும் பேரு கொடுக்காத பிள்ளை ஒண்ணு இருக்கும். குறைஞ்சாச் சொல்லு, நான் தேடிக்கிட்டுப் போறேன்."

அந்த வரியில் நான் நிறுத்திவிட்டேன். எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. அப்புறம் சாராள்தான் ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினார். மண்டபம் முழுக்கப் பற்றிக்கொண்டது. இருபத்தொன்று கூட்டி எண்ணிய மனுஷன் இந்தப் பக்கத்தை வாசித்தால் வேறென்ன நடக்கும்? துரைராஜ் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தத் தடவை கண்ணைத் திறந்து, எழுந்து நின்று ஓட்டு. தலையை மட்டும் எண்ணினேன், இரண்டு முறை எண்ணினேன். வெளியிடலாம் என்று முப்பத்தொன்று, வேண்டாம் என்று பதினைந்து. கூட்டினால் நாற்பத்தாறு. அந்தக் கூட்டல் சரியாக வந்ததில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தம், கல்யாண நாளில்கூட வந்ததில்லை. (கிருபைக்கு இது தெரியும்.) சாராள் தன் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலிருந்து எழுந்துபோய் எங்கள் பக்கம் நின்றார், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

அறுப்பின் பண்டிகையில் புத்தகம் வெளியானது. கொண்டுபோன அத்தனையும் விற்றுப்போயிற்று. வேண்டாம் என்று நின்ற துரைராஜ் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று மனைவிக்கு, இன்னொன்று, தப்பு எங்கே இருக்கிறது என்று கோடு போட. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால், "நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல கடவுள் குறட்டை விடறாரே, அது எப்படிம்மா?" என்று கிருபையைப் பிடித்துக்கொள்கிறார். அவளும் சளைக்காமல் சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பாடிக்கொண்டே சமைக்கிறாள்.

நான் ஓட்டெடுத்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்தேன். கமாக்களை எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் வெளியே சொல்லமாட்டேன்.

சபையில் தலை எண்ணுகிற வேலை இன்னும் என்னிடம்தான். நான் எழுந்தாலே முன் வரிசைப் பெண்கள் பயந்த மாதிரி கைகளை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு முனியாண்டி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். "பதினாறு பேரு வந்திருக்காங்க" என்று சமையலறையில் போய்ச் சொன்னேன்.

கிருபை திரும்பிப் பார்க்காமலே மருமகளிடம் சொன்னாள்: "எண்ணினது மாமாவா? அப்ப எட்டுப் பேருக்கு அரிசி போடும்மா, போதும்."