கதவுக்கு வந்த செட்டர்

கணினிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதும் அந்த அலுவலகத்தில் திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. 'எந்த வேரியபிளின் மதிப்பையும் எவரும் நேரடியாகத் தொட்டு மாற்றலாகாது. அதற்கென நியமிக்கப்பட்ட செட்டர் ஃபங்ஷன் வழியாகவே அணுக வேண்டும்.'

வேரியபிள் என்பது கணினி ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி; செட்டர், அந்தப் பெட்டிக்குள் கைவைத்து மதிப்பை மாற்றும் சிறு நிரல். நல்ல யோசனைதான், பொய் சொல்லக் கூடாது. கண்டவர் கண்டபடி கைவைத்தால் சிஸ்டம் படுத்துவிடும். ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் நிரலாளர், நாலே நாளில் நிரலில் எழுநூறு இடங்களை மாற்றினார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மகளின் பள்ளி நாடகம். பாப்பாதான் ராணி. போகாவிட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

வெள்ளி மதியம் இயக்குநர் கூப்பிட்டார்.

"நம்ம சிஸ்டத்துலயே ஓடுற வாசல் பூட்டோட செட்டருக்குள்ள, மூணாவது வரியில வேரியபிளை நேரடியாத் தொட்டிருக்கீங்களே?"

"சார், அதுதான் செட்டரே! அது தொடாம வேற யாரு தொடுவா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான். அதுவும் செட்டர் வழியாப் போகட்டும்."

"எந்த செட்டர் சார்?"

"இதே செட்டர்தான். நம்பகமானதாச்சே."

ஒல்லி அப்படியே மாற்றினார். செட்டர் தன்னையே கூப்பிட்டது. அது மறுபடி தன்னையே கூப்பிட்டது. நாலரைக்கு சிஸ்டம் மல்லாந்தது. வாசல் திரையில் 'பூட்டியுள்ளது' என்ற எழுத்து அப்படியே நின்றது. நாற்பது பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"பாப்பா மேடை ஏறிடுவா சார்!" ஒல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொறுங்க. குழு அமைச்சாச்சு."

அப்போது காவலாளி வெளியிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன சார், எல்லாரும் ஊர்வலமா? சிஸ்டம் படுத்தா பூட்டு தானா விட்டுருமே. தீப்பிடிச்சா தப்பிக்கணும்ல!"

ஒல்லி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. ராணி மேடையேறியபோது மூச்சிரைக்கக் கைதட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை இன்னொரு சுற்றறிக்கை வந்தது. 'கதவை எவரும் நேரடியாகத் தொடலாகாது. காவலாளியே கதவின் செட்டராக நியமிக்கப்படுகிறார்.' ஒல்லி வயிறு வலிக்கச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காவலாளி விடுப்பு. கதவு பாதி திறந்தே கிடந்தது. நாற்பது பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கூரியர் கொண்டுவந்தவர், வரிசையில் முதலாவதாக நின்ற ஒல்லியிடம் கேட்டார்:

"திறந்துதானே சார் இருக்கு? தள்ளிட்டுப் போங்களேன்."

ஒல்லி பதறிப்போய்த் திரும்பினார்.

"நேரடியாவா?"