சம்பந்தி வண்டிக்கு வந்த நடுக்கம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்தக் கடிதத்தில் இன்னொரு சுகமும் எழுதவேண்டும், அதாவது தாங்கள் இரவல் கொடுத்த பிக்கப் வண்டியின் சுகம். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் கூப்பிட்டேன். தங்கள் குரலைக் கேட்டதும் வாய் அடைத்துப்போய், ஒரு தடவை அங்கே வெயில் எப்படி என்றும் மறு தடவை மழை எப்படி என்றும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த தடவை, "இன்னும் கொஞ்சம் சாமான் பாக்கி இருக்கு, முடிஞ்சதும் வண்டியை அனுப்பிடறேன்" என்று சொன்னேன் அல்லவா? அது முழுப் பொய். வீடு மாற்றி, சாமான் இறக்கி, திரைச்சீலை மாட்டி, தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பக்கத்து வீட்டாரோடு ஒரு சண்டையும் போட்டு, அவர்களோடு சமாதானமும் ஆகி இரண்டு வாரம் ஆகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வண்டி பிடிக்கப் போன என்னைத் தடுத்து, "நம்ம வண்டி சும்மாதானே நிக்குது" என்று சொன்னது தங்கள் பெருந்தன்மை. மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்து, சாவியைக் கையில் கொடுத்து, "மெதுவாவே போங்க மாமா, அவசரமே இல்ல" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். பெரியவர்கள்மேல் அவருக்கு இருக்கிற அக்கறையைப் பார்த்து நாங்கள் பூரித்துப்போனோம். சாமானை ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போகும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இறக்கும்போதுதான் சனியன் பிடித்தது. இரும்பு பீரோவை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் மைத்துனனும் தூக்கினோம். அவன் பிடித்திருக்கிறான் என்று நானும், நான் பிடித்திருக்கிறேன் என்று அவனும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம். பீரோ வண்டியின் பின்தட்டில் டமார் என்று உட்கார்ந்தது. அதன் பிறகு காலி வண்டியை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டதும் வண்டி உதற ஆரம்பித்தது. முதலில் சீட், பிறகு என் கன்னச் சதை, பிறகு மூக்குக்கண்ணாடி. ஐம்பதுக்கு இறங்கினால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் அமைதி. எழுபதைத் தாண்டினால் உதறல் தானே நின்றுவிடும் என்கிறான் மைத்துனன். வயதிலேயே எழுபதைத் தொடாத நான் வண்டியில் எப்படித் தொடுவேன்?

பெண்ணைக் கொடுத்தவன் நிலைமை தங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணம் முடிந்து மூன்றே மாதம். நல்லபடியாக வாங்கிப்போன வண்டியை நடுக்கத்தோடு திருப்பிக் கொடுத்தால் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்கள். ஆனால் என்றைக்காவது சாப்பிட உட்காரும்போது யாராவது விளையாட்டாக, "உங்கப்பா ஓட்டின வண்டியாச்சே" என்று சொல்லி, என் மகள் பதில் பேசாமல் தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டால்? அந்த ஒரு குனிவை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெலிபோன் லைனில் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். லைனில் இரைச்சல் வந்தால் கோளாறு நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் விதி. சம்பந்தி வண்டியில் எதிர்ப்பக்கம் என்று ஒன்று ஏது? கோளாறு என் பக்கம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு மேற்கொண்டு தேடினேன். டயர்க் கடைக்காரர் நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுழற்றிப் பார்த்து, எடை சமமாக விளிம்பில் ஈயத்துண்டுகள் வைத்து, "இனிமே தூங்கிக்கிட்டே போகலாம் சார்" என்றார். ஐம்பத்தைந்தில் வண்டி எழுப்பிவிட்டது. திரும்பி வந்து கேட்டால், "ஸ்டியரிங் ஆடுனா முன்பக்கக் கோளாறு, சீட் ஆடுனா பின்பக்கக் கோளாறு. எது ஆடுதுன்னு பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினார். என் கைகள் ஏற்கெனவே பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்ததால் ஸ்டியரிங் ஆடுகிறதா, நான் ஆடுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆகவே என் மனைவியை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். ஐம்பத்தைந்தில் தண்ணீர் முழுவதும் அவள் மடியில். "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. சீட்டுதான் ஆடுது, கோளாறு பின்னாலதான்" என்றாள், புடவையைப் பிழிந்துகொண்டே. "இனிமே ஆராய்ச்சிக்கு என் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க."

அந்தத் தம்பிதான் மேற்படி மைத்துனன். தெரியாது என்ற சொல்லே தெரியாதவன். சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று பின்தட்டில் குப்புறப் படுத்து, காதைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டான். பெரிய சாலையில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பின்னால படுத்திருக்கிறது யாரு?"

"என் மைத்துனன் சார்."

"உயிரோட இருக்காரா?"

"சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கார் சார்."

"என்ன சத்தம்?"

"இப்ப கேக்காது சார். ஐம்பத்தஞ்சுல போனாத்தான் கேக்கும்."

அந்த நேரம் பார்த்து மைத்துனன், ஒரு கன்னம் முழுக்கத் தகரத்தின் வரிகள் பதிந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்து, "நடுவுலதான் அத்தான்!" என்று கத்தினான். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் அவர்தான் இரக்கப்பட்டு ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்கு வழி சொன்னார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். என்னையும் கூப்பிட்டார். போனேன். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளத் தண்டு போகிறது. அதை நடுவில் ஒரு பேரிங் தாங்குகிறது. அந்தப் பேரிங்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "சுமை இருந்தா பின்பக்கம் தணிஞ்சு தண்டு நேரா நிக்கும், ஒண்ணும் தெரியாது. காலியா ஓட்டுனா உதறும்" என்றார். "பீரோ விழுந்ததாலதானே?" என்று கேட்டேன். "பீரோ விழுந்தா பின்தட்டுதான் நெளியும் சார், இது கிழியாது" என்றார். பிறகு அவர் சொன்னதை நான் இங்கே எழுதவே போவதில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகவே கிழிந்திருக்கிறது, கிழிசலுக்குள் சேறு காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, காலியாக ஓட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும் என்றெல்லாம் அவர் சொன்னதைத் தங்களுக்கு எழுதினால் அது மரியாதையா? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"இது என் சம்பந்தி வண்டி. பாத்துப் பேசுங்க."

"யாரு வண்டியா இருந்தாலும் ரப்பர் ரப்பர்தான் சார்."

"நான்தான் கிழிச்சேன்."

"இதுக்குள்ள கையே போகாதே சார், எப்படிக் கிழிச்சீங்க?"

"அது எங்க குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டு, வேலையை முடிக்கச் சொன்னேன்.

புது ரப்பரும் பேரிங்கும் போட்டாயிற்று. ஐம்பத்தைந்தில் ஓட்டினேன், அறுபதில் ஓட்டினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுபத்தெட்டு வரைக்கும் போய்ப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. ஆகவே, என் கவனக்குறைவால் நேர்ந்த கோளாறு என் பொறுப்பிலேயே சரிசெய்யப்பட்டது என்பதைத் தெரிவித்து, தாமதத்துக்கும் பொய்க்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை எடுக்க வரும் மாப்பிள்ளையிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் மகள் ஏதாவது தெரியாமல் செய்தால் தங்கள் பெண்ணாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறாண்டு நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்களுக்கு என்றும் கடமைப்பட்டுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மாப்பிள்ளை வந்துவிட்டார். அவர் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே மகள் போன் செய்தாள். "அப்பா, இங்க மாமாவுக்கு ரெண்டு வாரமாத் தூக்கமே இல்லப்பா. ஆடற வண்டின்னு தெரிஞ்சே கொடுத்துட்டோமே, அதனாலதான் சம்பந்தி வெயில் மழையைக் கேட்டுட்டு வச்சிடறாருன்னு ஒரே புலம்பல். அத்தை வேற, பொண்ணு கொடுத்தவங்களுக்கா நடுங்கற வண்டியைக் கொடுக்கறதுன்னு அவரை வறுத்தெடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்திலிருந்து சம்பந்தியம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டு சிரிப்பில் எது என் மகளுடையது என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை, சம்பந்தி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. ஆகையால் மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். பீரோ விழவில்லை. போலீஸ்காரர் எவரையும் நாங்கள் பார்க்கவில்லை. இந்த ஊரில் மெக்கானிக்கே கிடையாது. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால், "அவரும் பயந்துக்கிட்டு இருந்திருக்காரு, நீங்களும் பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அப்படியே அனுப்புங்க, படிச்சுட்டாவது நிம்மதியாத் தூங்கட்டும்" என்று என் மனைவி உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு தாளைப் பிடுங்க நிற்கிறாள். அவசரமாக இதை மட்டும் எழுதிவிடுகிறேன்: தாங்கள் கொடுத்த வண்டி எங்களிடம் ஒரு தடவைகூட ஆடவில்லை. இனிமேலும் ஆடாது.