மாப்பிள்ளையின் அப்பா கட்டியிருந்த டைவிங் வாட்ச்

பெண் பார்க்கும் அன்று பெண்ணுக்கு இருக்கும் ஒரே வேலை மாப்பிள்ளையைப் பார்ப்பது. அதையும் கோட்டை விட்டவள் நான்.

எனக்குப் பழைய டைவிங் வாட்ச் பைத்தியம். கடலில் முங்குகிறவர்களுக்காகச் செய்த, பேட்டரி இல்லாமல் ஓடும் கைக்கடிகாரங்கள். (ஏற்காட்டில் எங்கே முங்கப் போகிறாய் என்று கேட்காத சொந்தமே இல்லை.) வேலைக்குப் போன நாளிலிருந்து சேர்க்கிறேன்.

கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுக்கு மஞ்சக்குட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். காபித் தட்டை நீட்டினேன். டம்ளரை எடுக்க மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டியதும் சட்டைக் கை விலகியது. மணிக்கட்டில் ஒரு பழைய டைவிங் வாட்ச்: மஞ்சளேறிய டயல், அதைச் சுற்றித் திருகும் வளையம், மெருகே போடாத உலோக உடம்பு. தட்டோடு குனிந்து அதையே பார்த்தேன்.

"பொண்ணு தலையே நிமிரலீங்க, நொம்ப அடக்கம்" என்றார் அவர் மனைவி. நான் அவர் கணவரின் மணிக்கட்டில் குடியிருந்தேன்.

"இது எங்கீங்க கிடைச்சுது?" என்றேன் அவரிடம்.

"அண்ணன் கப்பல்ல இருந்தாரு கண்ணு, அவரு குடுத்தது. முட்டை வேக வெக்கறப்ப நிமிசக் கணக்குக்கு வளையத்தத் திருகி வெச்சுக்குவேன்." கழற்றியே கொடுத்துவிட்டார். காதில் வைத்தேன். சொர்க்கம்.

"ஏங் கண்ணு, புடிச்சிருக்குதா?" என்றார் அம்மையார்.

"நொம்பப் புடிச்சிருக்குங்க. பழசானாலும் நல்லா ஓடுது. முள்ளு மட்டும் மாத்தியிருக்காங்க."

அவர் தன் மகனை மேலும் கீழும் பார்த்தார். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அப்பா அவசரமாக, "தோட்டத்துப் பக்கம் போயிப் பேசிட்டு வாங்க" என்றார்.

அப்போதுதான் தலை நிமிர்ந்தேன். சோபாவில் அண்ணனும் தம்பியுமாக ஒரே அச்சில் இரண்டு ஆண்கள். முன்பு அனுப்பிய போட்டோவிலோ மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். துணிந்து ஒருவரிடம், "வாங்க, போலாங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. பக்கத்திலிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "இவரு என்ற ஊட்டுக்காரருங்க. உங்களுது அந்தப் பக்கம்."

என் அப்பா சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தோம். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். "எங்க அப்பாவையும் கூப்பிட்டுக்கலாங்களா?" என்றார் அசல் மாப்பிள்ளை.

"வாட்ச் மட்டும் வந்தாப் போதுங்க."

மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வாட்ச் அளவுக்கு இல்லை, ஆனாலும் பிடித்திருந்தது.

கல்யாணத்தன்று சர்ச்சில் ஃபாதர் என் சம்மதம் கேட்டபோது பின்னாலிருந்து அதே சோபாப் பெண்ணின், என் ஓரகத்தியின், குரல் வந்தது: "ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு கண்ணு." ஃபாதரே சிரித்துவிட்டார்.

இன்றும் வீட்டு விசேஷங்களில் நான் உள்ளே நுழைந்ததும் ஓரகத்தி முதலில் தன் கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பிறகுதான், "வா கண்ணு, உக்காரு" என்பார்.