ஜெலஸ் ஆஃப் ஸ்டெல்லா

உங்கள் ரூம்மேட் உங்களைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினால், அதையும் துளிகூட அலட்டிக்கொள்ளாமல் பேசினால், நீங்கள் என்ன செய்வீர்கள்? நல்லவர்களாக இருந்தால் அவளிடம் கற்றுக்கொள்வீர்கள். நான் அவள் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைத் திருடித் தேய்த்துப் பார்த்தேன். (முடி பிசுபிசுத்தது. இங்கிலீஷ் வரவில்லை.)

அவள் பெயர் ஸ்டெல்லா. பர்கூரில் ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். முடித்ததும் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரிக்கு இரண்டு பேரும் ட்ரெய்னியாக வந்தோம். மத்திகிரியில் ஒற்றை ரூம். கால்நடைப் பண்ணை வாசம் வாடகையில் சேர்த்தி. அவள் கிருஷ்ணகிரி கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் சின்ன வயதிலிருந்தே படித்தவள். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எனக்கு இங்கிலீஷ் என்பது பரீட்சையில் எழுதுவது. வாயில் போட்டுக்கொள்வது அல்ல.

சேர்ந்த புதிதில் கான்ஃபரன்ஸ் ஹாலில் எல்லோரும் எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். கையில் மைக். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஐ ஆம் வெரி குட் இன் டிராயிங் சார்" என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா, 'இன்'னைத் திருத்தி மெதுவாக, "அட்" என்றாள். அந்த "அட்" மைக்கில் ஏறி, ஸ்பீக்கரில் இறங்கி, கடைசி வரிசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் வரை போய்ச் சேர்ந்தது. ஹாலே சிரித்தது.

"ஏன்டி இப்படி மானத்த வாங்குற?"

"ஐயோ, ஹெல்ப் பண்ணலாம்னுதான்டி சொன்னேன். மைக் ஆன்ல இருக்குன்னு எனக்கென்னாடி தெரியும்?"

(அவளுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும். மைக் மட்டும் தெரியாதாம்.)

அடுத்து வந்த செய்திதான் என்னை முழுப் பைத்தியமாக்கியது. ஜெர்மனியிலிருந்து கஸ்டமர் கம்பெனியின் ஆடிட்டர் வருகிறார். மெஷின் லைனை ஸ்டெல்லா காட்ட வேண்டும், கடைசியாகச் சரிபார்க்கும் இடத்தை நான் காட்ட வேண்டும். யார் நன்றாகச் செய்கிறாளோ அவளுக்கு மூன்று மாதம் ஜெர்மனியில் ட்ரெய்னிங். பாஸ்போர்ட், ஏரோப்ளேன், பனி. நான் அதுவரை பார்த்த பனி ஓசூர் மார்கழிப் பனி மட்டும்தான்.

பஸ் ஸ்டாண்டு கடையில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு பாடத்தைப் படித்ததும் என் வியாதி எனக்கே புரிந்துவிட்டது. இங்கிலீஷில் ஒவ்வொரு அட்ஜெக்டிவுக்கும் பிறக்கும்போதே ஒரு முறைமாப்பிள்ளை நிச்சயம் பண்ணி வைத்திருக்கிறார்கள். குட் என்றால் அட். அஃப்ரெய்ட் என்றால் ஆஃப். ஃபேமஸ் என்றால் ஃபார். ஏன் என்று கேட்கக்கூடாது, ஜாதகப் பொருத்தம் அப்படி. மேரிட் என்றால் வித் வரும் என்று நினைத்தேன், நாம் கல்யாணம் பண்ணுவது ஒருத்தர் "கூட"த்தானே? இல்லையாம், டு. நமக்குப் பொறாமை ஒருத்தர் மேல் வரும், பல்லி விழுகிற மாதிரி. அதனால் ஜெலஸ் ஆன் ஸ்டெல்லா என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அதுவும் ஆஃப். பொறாமைப்படவே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அன்று அழுகையே வந்தது.

அப்புறம் பாருங்கள் என் தவத்தை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து "கேப்பபிள் ஆஃப், ஃபெமிலியர் வித், ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று முணுமுணுப்பேன். பின்சீட்டு அக்கா ஒருத்தி, "ஏதோ மந்திரம் சொல்லுதுப்பா இந்தப் பொண்ணு" என்று சீட் மாறிவிட்டாள். ஸ்டெல்லா ஒருநாள், "நா வேணா கேள்வி கேக்கட்டாடி?" என்றாள். "உன் வேலயப் பாருடி" என்றேன்.

ஆடிட் என்றால் எங்கள் ஃபேக்டரியில் கல்யாண வீடு மாதிரி. தரைக்குப் பெயின்ட், செடிக்குத் தண்ணீர், எல்லோருக்கும் புது கிளவுஸ். இன்னொரு சடங்கும் உண்டு. தேறாத பீஸ்களையெல்லாம் சிவப்புத் தொட்டிகளோடு ஒரு வேனில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி வெளியே அனுப்பிவிடுவார்கள். டிரைவர் முனியப்பா அதை உத்தனப்பள்ளிப் பக்கம் கொண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் படுத்துவிடுவார். ஆடிட்டர் கிளம்பியதும் இங்கிருந்து மிஸ்டு கால். வேன் திரும்பிவிடும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

மேனேஜர் வெங்கடேஷ் சார் பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்துதான் பேசுவார். அன்று காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நோடம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில். எஸ். நோ. அவ்ளோதான். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆடிட்டர் நல்ல உயரம். ஸ்டெல்லா மெஷின் மெஷினாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். பூட்டிய மெஷின் கவர் மாதிரி இருந்த மனுஷன் சிரித்தார்! வெங்கடேஷ் சாரும் சிரித்தார். என் வயிறு ஹீட் ட்ரீட்மென்ட் அடுப்பு மாதிரி எரிந்தது.

என் டேபிளுக்கு வந்தார்கள். இது உன் இடமா என்று இங்கிலீஷில் கேட்டார் ஆடிட்டர். எஸ் என்றால் போதும்.

"எஸ் சார். ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ் டேபிள்."

அவர் தலையாட்டினார். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். அந்தக் கட்டைவிரல்தான் என்னைக் கெடுத்தது. இவள் யார் எனக்கு மார்க் போட?

ரிஜெக்ஷன் நிறைய வருமா என்று அடுத்த கேள்வி. பதில், நோ. ஆனால் நோவில் என்ன இருக்கிறது? அட்ஜெக்டிவும் இல்லை, ப்ரிபோசிஷனும் இல்லை. மாசக்கணக்கில் படித்தது எதற்கு?

"வீ ஆர் அக்கஸ்டம்ட் டு ரிஜெக்ஷன்ஸ் சார்." எங்களுக்கு அது பழகிப்போச்சு சார்!

வெங்கடேஷ் சார் இருமினார். நான் அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டேன். அப்படியானால் அந்த பீஸ்கள் எங்கே என்றார் ஆடிட்டர், வெறிச்சென்று இருந்த தரையைப் பார்த்து.

"தி வேன் இஸ் ஃபுல் ஆஃப் தெம் சார்."

"விச் வேன்?"

"முனியப்பா'ஸ் வேன் சார். ஹி இஸ் ஃபெமிலியர் வித் தி ரூட். ஹி இஸ் வெரி ஃபாண்ட் ஆஃப் உத்தனப்பள்ளி."

வெங்கடேஷ் சார் ஆடிட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். நான் நிறுத்தவில்லை. ஆறு ஓடத் தொடங்கிவிட்டது. ஆடிட்டர் அவரைத் திரும்பிப் பார்க்க, நானே விளக்கமும் கொடுத்தேன். "ஹி இஸ் ஆங்க்ரி வித் மீ சார்." (ஆள் என்றால் வித். புத்தகத்தில் ஸ்டார் போட்டிருந்தது.)

"ஏனம்மா இது..." என்றார் வெங்கடேஷ் சார், என்னம்மா இது என்று கன்னடத்தில்.

அந்த வேனைப் பார்க்க வேண்டும் என்றார் ஆடிட்டர். கம்பெனி கார் கிளம்பியது. முன்சீட்டில் ஆடிட்டர், பின்னால் வெங்கடேஷ் சார், ஸ்டெல்லா, நான். ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளி வரை போனோம். புளியமரத்தடியில் வேன். முனியப்பா எழுந்து துண்டை உதறினார்.

"என்னா சார், மிஸ்டு கால் கூடக் குடுக்காம நேர்லயே வந்துட்டீங்க? வெள்ளக்காரரு போயிட்டாரா?" என்றவர், காரிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த வறுகடலைப் பொட்டலத்தை அப்படியே நீட்டினார். "சாப்புடுங்க சார். சூடா இருக்குது."

ஆடிட்டர் கடலையை வாங்கிக்கொண்டார். தார்ப்பாயைத் தூக்கினார். ஒரு பீஸை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. கடலையும் தீரவில்லை, பீஸும் தீரவில்லை. கடைசியில் என்னிடம் வந்து கை குலுக்கினார். "யூ ஆர் வெரி ஆனஸ்ட்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு ஜெர்மனி தெரிந்துவிட்டது. பனி தெரிந்துவிட்டது. ஸ்வெட்டர் என்ன கலர் என்பது வரை முடிவு செய்துவிட்டேன். ஓரக்கண்ணால் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொறாமை என்று நினைத்தேன். (சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம். பிற்பாடு சொன்னாள்.)

ஆர்டர் நின்றது. ரிஜெக்ட் பீஸ்களுக்கு வலை அடித்து, கூரை போட்டு, பூட்டு மாட்டி ஒரு யார்டு கட்டிய பிறகுதான் மறுபடி தருவோம் என்று கடிதம் வந்தது. வெங்கடேஷ் சார் என்னைக் கூப்பிட்டு மேஜையில் ஒரு சாவியை வைத்தார்.

"இனிமே யார்டு ஒன்னுது."

"சார், அப்ப ஜெர்மனி?"

"ஸ்டெல்லா."

"சார், அவரு என்கிட்டதானே கை குடுத்தாரு?"

"அவர் குடுப்பார்மா. அவருக்கு என்ன. நான் எப்படிம்மா ஒன்ன அங்க அனுப்பறது? நம்ம ஃபேக்டரி மொத்தத்தயும் எடுத்துக் குடுத்துட்டு வந்துருவியே!"

அவள் கிளம்பும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்ற வைராக்கியத்தோடு. பெங்களூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ பேசுனதுல ஒரு தப்புகூட இல்லடி. எல்லாத்தயும் கரெக்டாப் போட்ட."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பஸ் திரும்புவதற்குள் மறுபடி எரிச்சல் வந்துவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது திடீரென்று வருகிறார்கள் என்றால் என் வீட்டுக்காரர் காய்ந்த துணி, பொம்மை, பழைய பேப்பர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பெட்ரூமுக்கு ஓடுவார். "எல்லாத்தயும் உத்தனப்பள்ளிக்கு அனுப்பியாச்சு! ஆடிட்டர வரச் சொல்லு!" என்று அங்கிருந்து கத்துவார். பிள்ளைகளும் கத்தும். வந்தவர்களுக்குப் புரியாது. புரியாவிட்டால் விடமாட்டார், உட்கார வைத்து முழுக் கதையும் சொல்லுவார், வெங்கடேஷ் சார் கும்பிட்டது வரை நடித்துக் காட்டுவார்.

ஸ்டெல்லா மூன்று மாதம் என்றுதான் போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.