மூச்சு ரீச்சர் நன்றி சொல்லப் புறப்பட்ட வருடம்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மூச்சு விடுகிறவர்களில் பாதிப்பேர் மூச்சு ரீச்சரைக் கேட்டுத்தான் விடுகிறார்கள். மற்றப் பாதிப்பேர் அவரைத் தூரத்தில் கண்டதுமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஊரான புளியங்கூடலில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

சனசமூக நிலைய மண்டபத்தில் காலையில் யோகா வகுப்பு நடத்துகிறார். "மூச்சை எடுங்கோ" என்று அவர் சொன்னால் மதிலுக்கு அப்பால் சைக்கிளில் போகிறவரும் எடுத்துவிடுவார். "விடுங்கோ" என்பதற்குள் அந்த மனிதர் கோயிலடியைத் தாண்டியிருப்பார். பிறகு அவராகப் பார்த்துத் தன் பொறுப்பில் விட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

அவருடைய கணவர் திடீரென்று இறந்துபோனார். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டவர் மத்தியானம் இல்லை. ரீச்சர் அழவில்லை. செத்தவீட்டில் ஒப்பாரி வைத்த பெண்களிடம் போய், "அக்கா, நீங்கள் நெஞ்சால அழுறியள். அடிவயித்தால அழவேணும். இல்லாட்டிக் களைச்சுப் போவியள்" என்று திருத்தினார். அவர்களும் அப்படியே அழுதார்கள். சாட்டிக் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறி விசாரித்ததாகக் கேள்வி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"துக்கத்தை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தா அது மூட்டில போய் இறங்கும். அதால இந்த வருஷம் முழுக்க நன்றி சொல்லப்போறன். அவற்ர செத்தவீட்டுக்கு உதவின ஒராளையும் விடமாட்டன்" என்றார்.

நல்ல விஷயம் என்றுதான் தலையாட்டினோம். அது எச்சரிக்கை என்று பிறகுதான் விளங்கியது. ரீச்சரின் நன்றி என்பது, ஆளைத் தேடிப்போய் அவர் உடம்புக்கு ஏற்ற ஓர் ஆசனத்தை அங்கேயே செய்யவைப்பது. அயல்வீட்டுக்காரன் என்பதாலும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததாலும் ரீச்சரை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு.

முதலில் பந்தல்காரர். பெரிய உடம்பு. அவரை ஒற்றைக்காலில் நிறுத்திக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பவைத்தார். மனிதர் தள்ளாடி, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கதிரை அடுக்கில் சாய்ந்தார். அடுக்கு அவர்மேல் சரிந்தது. கதிரைக் குவியலுக்குள்ளிருந்து கூப்பிய கை மட்டும் வெளியே தெரிந்தது.

"கை சரியா இருக்கு. அப்பிடியே வைச்சிருங்கோ" என்றார் ரீச்சர்.

அடுத்தவர் மண்டைதீவு மீன்காரர் யோசேப்பு அண்ணை. துக்கவீட்டில் மீன் சமைக்கமாட்டார்கள் என்று, தன் மீன்பெட்டியில் மரக்கறி கொண்டுவந்து கொடுத்த புண்ணியவான். அந்தக் கத்தரிக்காய் பாரை மீனாய் மணந்தது வேறு கதை. அவரைக் கரையில் குப்புறப் படுக்கவைத்து, பாம்பைப்போலத் தலையை உயர்த்தச் சொன்னார்.

"ரீச்சர், பூனை வருது."

"பூனையைப் பாக்காதேங்கோ. வானத்தைப் பாருங்கோ."

வானத்தைப் பார்த்தார். எழுந்தபோது, வருஷக்கணக்காய் இருந்த முதுகுப் பிடிப்பு இல்லை. பெட்டியிலிருந்த பெரிய மீனும் இல்லை. மறுவாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

சவ ஊர்வலம் போகும்வரை பஸ்ஸை ஓரங்கட்டிக் காத்திருந்த சாரதியையும் ரீச்சர் மறக்கவில்லை. யாழ்ப்பாணம் போகும் அந்த பஸ்ஸில் ஏறி, எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார்.

"ரீச்சர், நான் கண்ணை மூட ஏலாது" என்றார் சாரதி.

"நீர் ஒரு கண்ணை மூடும்."

மண்டைதீவுச் சந்தியில் இறங்கவேண்டியவர்கள் கண் திறந்தபோது யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இருந்தார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அவ்வளவு அமைதி அடைந்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு ஊரில் நன்றிக்குப் பயம் வந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வரவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ரீச்சர் சளைக்கவில்லை. கனடாச் சொந்தங்களுக்காக எடுத்த செத்தவீட்டு வீடியோவைக் கைத்தொலைபேசியில் நிறுத்திக் காட்டினார்.

"இந்தா, பாடையைப் பிடிச்ச இந்தக் கை உம்மட கைதானே?"

"ஓம், ரீச்சர்" என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டு நிலத்தில் படுத்தார்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது வழிநெடுகக் கதைக்கும் ரீச்சர், திரும்பும்போது ஒரு சொல் பேசமாட்டார். ஒருநாள், விழுந்துவிட்டாரோ என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். இருந்தார்.

"வீட்டை போறதெண்டால் மெதுவா ஓடும், தம்பி. அங்க ஒரு அவசரமும் இல்லை."

ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு வந்த முதல் வகுப்பு. கையும் காலும் நிலத்தில், பின்பக்கம் வானத்தில் என்று நாங்கள் கூடாரம் கூடாரமாக நின்றோம். "மூச்சை எடுங்கோ" என்றார். அந்த நேரம் வாசலில் ஒரு நாய் வந்து யாரோ ஒருவரின் செருப்பைக் கவ்வியது. முன்பெல்லாம் வாசலில் கதிரை போட்டுச் செருப்புக் காவல் இருந்தவர் ரீச்சரின் கணவர்தான்.

"இஞ்சாருங்கோ, நாய்" என்று ரீச்சர், அவரைக் கூப்பிடுகிற பழைய வழக்கத்தில் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பிறகு அப்படியே நிலத்தில் அமர்ந்து அழத் தொடங்கினார். நெஞ்சாலும் இல்லை, அடிவயிற்றாலும் இல்லை. எந்த முறையிலும் சேராத அழுகை.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் அணைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்றும் தெரியவில்லை. அதனால் ஒருவரும் அசையவில்லை. வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. யோசேப்பு அண்ணையின் முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. அவரும் இறங்கவில்லை.

வெகுநேரம் கழித்து ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் இன்னும் அப்பிடியே நிக்கிறியள்?"

"நீங்கள் விடச் சொல்லேல்லையே, ரீச்சர்" என்றார் யோசேப்பு அண்ணை.

"ஐயோ, விடுங்கோ" என்றார். மண்டபம் முழுக்கப் பொத்தென்று விழுந்தது. ரீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஊரெல்லாம் நன்றி சொல்லித் திரிஞ்சன். உங்களுக்குச் சொல்லேல்லை."

"சொல்லவேண்டாம், ரீச்சர்" என்றாள் கீழே கிடந்த என் மனைவி. "இன்னொரு ஆசனம் எங்களுக்கு ஏலாது."

அன்று பிடித்த முதுகு எனக்கு இன்னும் நிமிரவில்லை. ஊர்காவற்றுறை டொக்டர் யோகாவை உடனே நிறுத்தச் சொல்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலும் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறேன்.