கிண்டுறத நிப்பாட்டாதீங்க

ஆய்வுகூடத்தில் கலக்கும் மோட்டார் பழுதாகி நின்றதும் நிஸ்றா ஒரு கண்ணாடிக் கோலை எடுத்துக் கையாலேயே கலக்கத் தொடங்கினாள்.

பாத்திரத்துச் சுடுநீரில் எண்ணெய் போன்ற திரவம் சிறு துளிகளாகச் சுழன்றது. இறுகும்வரை விடாமல் கலக்கினால் ஒவ்வொரு துளியும் ஒரு பிளாஸ்டிக் மணியாகும். விட்டால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டி. திரவத்தின் கடைசிப் போத்தலையும் அதற்குள்தான் ஊற்றியிருந்தாள். பிற்பகல் வெளியூர்ப் பேராசிரியர் மணிகளைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அவளுக்குத் துறையில் வேலை.

மெல்லிய கோல் நடுவில் மட்டும் சுழன்றது. ஓரங்களில் துளிகள் கூடத் தொடங்கின.

"மிஸ், கன்ரீன்ல சோறு கிண்டுற துடுப்பு இருக்கு!" ஆய்வுகூட உதவியாளர் சுலோஜனா ஓடிப்போய்க் கழுவிக் கொண்டுவந்தார்.

துடுப்பு போட்டதும் நுரை பொங்கி வழிந்தது. நுரைக்குப் பயந்து நிஸ்றா வேகத்தைக் குறைத்தாள். துளிகள் பெருத்தன. வேகத்தைக் கூட்டினாள். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

அந்நேரம் பார்த்துச் சோற்றுப் பொதியோடு கச்சி முகம்மது மாமா வந்தார். காத்தான்குடியில் எந்தக் கலியாணத்துக்கும், மணி கட்டாமல் ஒரே திரளாக வரவேண்டிய தொதல் இனிப்பைக் கிண்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன மகள், துடுப்பு இப்படியா புடிக்கிற? தள்ளுங்க!"

அவருக்கு முகமூடியை மாட்டிவிட்டு, "மாமா, இதுட பதம் என்னெண்டா..." என்று இழுத்தாள்.

"எனக்கா பதம் சொல்லித்தரப் போறாய்?"

பெரியவரிடம் மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. "கிண்டுறத மட்டும் நிப்பாட்டாதீங்க மாமா" என்றாள்.

மாமாவின் கை இயந்திரம் தோற்கும் சீரில் சுழன்றது. நுரை அடங்கியது. துளிகள் ஒரே அளவுக்கு வந்தன. நிஸ்றாவுக்கு மூச்சு வந்தது.

"மிஸ், சேர் வந்திட்டார். கேற்றடியில நிக்கிறார்!"

அவள் பேராசிரியரை அழைத்துக்கொண்டு திரும்பியபோது, பாத்திரத்தின் நடுவே தேங்காய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி பளபளவென்று உருண்டுகொண்டிருந்தது.

"நிப்பாட்டினீங்களா மாமா?" அவள் பாத்திரத்தடிக்கு ஓடினாள்.

"அல்லாஹ்வே! மூச்சு விடக்கூட நிப்பாட்டல்ல."

பேராசிரியர் கட்டியைத் துடுப்பால் தட்டிப் பார்த்தார். "மணி உருவாகவே இல்லப் பிள்ள. உங்கட முறை பிழை. அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

நிஸ்றா கதிரையில் அமர்ந்தாள். சுலோஜனா அவளுடைய தோளைத் தடவினார்.

மாமா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, முகமூடியை இறக்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"கவலப்படாத மகள். நீ அங்கால போன கையோட எல்லாம் மிளகு மாதிரி மணிமணியாக் கட்டிபட்டுப் போச்சி. அந்த மனுசன் கண்டா உனக்கு வெக்கமெண்டு, நான்தான் இறுக முந்தியே அவ்வளவையும் நசிச்சி ஒண்டாக்கிப் போட்டன்."