கஸ்தூரி அக்கா வாசலில் விழுந்த தூண்டில்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, வீட்டில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் கோழி இறகு கட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அப்பா எண்ணூர் ரோட்டோரக் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்து தூண்டில் போடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு நாளிலும் எதையாவது தொங்கவிட்டுத் தூக்கினால்தான் அவருக்கு நிம்மதி.

நானும் கூடப் போவேன். ஆனால் இறாலை முள்ளில் கோக்க எனக்குக் கை வராது. அது என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

"எர கோக்குறது நானு, மீன் புடிக்கிறது நீயா?" என்பார் அப்பா, வாராவாரம்.

இறாலே வேண்டாம், இறகைக் கட்டியே மீனை ஏமாற்றலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஏதோ குளிர் நாட்டு ஆற்றங்கரையில் ஒரு தாடிக்காரர். முள்ளில் இறகை வைத்தார், மிருக முடி கொஞ்சம் வைத்தார், நூலைச் சுற்றினார். பூச்சி தயார்.

இவ்வளவுதானே என்று கல்மண்டபம் கோழிக்கடைக்குப் போனேன்.

கடையில் ஒன்று கேட்பதற்கு முன் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்க்கிற ஆள் நான். அன்றும் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"அரை கிலோவா, ஒரு கிலோவா?" என்றார் கடைக்காரர்.

"கறி வேணாம்ணா. இறகு மட்டும்."

கத்தி பாதியில் நின்றது. "இன்னா எறகு?"

"சேவல் கழுத்து இறகு. கறுப்பா இருந்தா நல்லது."

"இன்னாத்துக்குமா?"

'மீன் பிடிக்க' என்பதுதான் ஒத்திகை. ஆனால் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாயில் வந்தது, "சும்மாண்ணா."

நாட்டுச் சேவல் இறகைக் கவரில் போட்டு, என் விரல் படாமல் நீட்டினார். காசு வாங்கவில்லை.

"யார் மேல இன்னா கோவம் இருந்தாலும் பேசித் தீத்துக்கோமா," என்றார்.

நல்ல மனிதர், பொதுவாக அறிவுரை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முள்ளைப் பிடித்துக்கொள்ளத் தாடிக்காரரிடம் ஒரு கருவி இருந்தது. என்னிடம் அப்பாவின் கட்டிங் பிளேயரும் ஒரு ரப்பர் பேண்டும். நூலுக்கு அம்மாவின் தையல் மெஷினைப் பார்த்தேன், சிவப்புதான் இருந்தது. மிருக முடிக்கு எங்கே போவது? சீப்பைப் பார்த்தேன். என் முடி தாராளமாகக் கொட்டிக் கிடந்தது. முடிச்சு அவிழாமல் இருக்க நெயில் பாலிஷ் வைக்கச் சொல்லியிருந்தார் தாடிக்காரர். வீட்டில் இருந்தது அடர் சிவப்பு.

முதலில் கட்டியது கரப்பான்பூச்சி மாதிரி வந்தது. இரண்டாவது, செருப்படி பட்ட கரப்பான்பூச்சி. போகப் போகக் கை பழகி, ஒரு டிபன் டப்பா நிறைய கட்டிவிட்டேன். கடைசியாகக் கட்டியதுதான் அழகி. பாலிஷ் காயட்டும் என்று அவளை மட்டும் காரிடார் துணிக்கொடியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்காவின் அலறலில் எழுந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவின் மகள் ரேவதியைப் பெண் பார்க்கப் புழலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஏற்கெனவே வந்த இரண்டு இடங்கள் காரணம் சொல்லாமல் நின்றுபோயிருந்தன. அதனால் ஒரு வாரமாக, யார் தும்மினாலும் அக்கா முறைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். காரிடாரில் இருந்த எல்லா வீடும் அவர் வாசலில் நின்றது. கோலத்தின் நடுவே, கடல் காற்று இறக்கிவிட்டுப் போன என் அழகி.

கறுப்புச் சேவல் இறகு. சிவப்பு நூல். பெண்ணின் தலைமுடி. மேலே ரத்தச் சொட்டு மாதிரி பாலிஷ்.

கோழிக்கடைக்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

"எவளோ செய்வின வெச்சிட்டுப் போய்கீறா," என்றார் அக்கா. "அதுவும் தூண்டி முள்ளுல கட்டிகீறா பாரு. மாட்னா கழட்டவே முடியாது. அதோ, பூன கூட கிட்ட போவ மாட்டேங்குது."

மாடிப்படியில் படுத்திருந்த காரிடார் பூனை எதற்குமே எழுந்திருக்காது. ஆனால் இப்போது அதுவும் சாட்சியாகிவிட்டது.

"நாம கிறிஸ்டின்ஸ், இதெல்லாம் நம்பக் கூடாது," என்று என் காதில் சொன்னார் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய், மாதா கோயில் தீர்த்த பாட்டிலை எடுத்துவந்து எங்கள் வாசலில் தெளித்தார்.

கோலத்தில் கிடந்ததை எடுக்க நான் குனிந்தேன்.

"நீ உள்ள போ கண்ணு," என்றார் அக்கா என்னிடம். "வயசுப் பொண்ணு, இத்தெல்லாம் பாக்கக் கூடாது." பிறகு மகளிடம், "ரேவதி, போனக் குடு. இன்னிக்கி வராதீங்கனு சொல்லிடறேன். இத்த வெச்சுகினு நல்ல காரியம் பண்ண முடியாது."

ரேவதியின் முகத்தைப் பார்த்தேன். பையனின் போட்டோவை அவள் எனக்கு மட்டும் காட்டியிருந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அக்கா நம்பரை அழுத்தப் போனார்.

"அது என்னுதுக்கா," என்றேன்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"இன்னாது?"

"நான்தான் கட்டினேன்."

"முடி யாருது?"

"அதுவும் என்னுதுதான்."

"ஊம மாதிரி இருந்துகினு… எம் பொண்ணு மேல உனக்கு இன்னாடி காண்டு?"

"மீன் பிடிக்கக்கா. இன்னும் நிறைய இருக்கு, காட்டறேன்."

ஓடிப்போய் டிபன் டப்பாவை எடுத்துவந்து திறந்தேன். இதைவிட மோசமான சாட்சியை யாரும் தன் கையாலேயே கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

"ஐயோ, மொத்த பில்டிங்குக்கும் கட்டி வெச்சிகீது," என்றது ஒரு குரல். கூட்டம் பின்னால் நகர்ந்தது. அம்மா தீர்த்தத்தை இந்த முறை என்மேலேயே தெளித்தார்.

இனி பேசிப் பயனில்லை. ரேவதி வீட்டுத் தண்ணீர் பக்கெட்டை இழுத்து, தூண்டிலை நூலில் கட்டி உள்ளே விட்டேன். மெல்ல இழுத்தேன். நனைந்த இறகு விரிந்து, சுருங்கி, வாலை ஆட்டிக்கொண்டு நீந்தியது. எனக்கே ஆச்சரியம்.

மாடிப்படியில் ஏதோ அசைந்தது. எதற்கும் எழாத பூனை எழுந்துவந்தது. பக்கெட் விளிம்பில் முன்னங்கால்களை வைத்து எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி பாய்ந்தது. முள் அதன் வாயில் ஏறுவதற்குள் நூலை வெடுக்கென்று இழுத்தேன். பக்கெட், பூனை, தண்ணீர் எல்லாம் கோலத்தின்மேல் கவிழ்ந்தன.

ரேவதிதான் முதலில் சிரித்தாள்.

"பூனையே மீனுன்னு நம்பிடுச்சும்மா," என்றாள். "போனக் கீழ வை."

அக்கா நனைந்த பூனையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "வந்து கோலத்த நீயே போடு," என்றார்.

போட்டேன். சாயங்காலம் புழல்காரர்கள் அதை மிதித்துத்தான் உள்ளே போனார்கள். பெண் பிடித்துவிட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இறாலில் கிழங்கான் மீன் ஒரு பை பிடித்தார். என் அழகியை எந்த மீனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், கஸ்தூரி அக்கா லட்டோடு காத்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க நாத்தனா பொண்ணுக்கும் ஒண்ணும் அமையாம பேஜாரா கீது. அதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடு. முடியும் உன்னுதே இருக்கட்டும்."

"அக்கா, அது மீனுக்கு."

"தெரியும், தெரியும்," என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

என் தூண்டிலில் இதுவரை மீன் ஒன்றும் மாட்டவில்லை. மாப்பிள்ளை ஒருவர் மாட்டியிருக்கிறார்.